ஏழு சுற்று

வெட்டுப்பட்ட பருத்திக் கன்றுக்குத் தான் செத்துப்போனது உடனே தெரியாது. கத்தி மண்ணுக்குள் ஒரு விரல் ஆழத்தில் போய் வேரை அறுத்துவிட்டு நகர்ந்துவிடும். மேலே இரண்டு இலையும் விறைப்பாக நின்றுகொண்டே இருக்கும். மேகமூட்டமான நாளாக இருந்தால் மத்தியானம் வரைக்கும்கூட நிற்கும். வெயில் ஏறி உடம்பு தண்ணீர் கேட்கும்போதுதான் கீழே ஒன்றுமில்லை என்பது அதற்குத் தெரியவரும். நான் வாழ்க்கைப்பட்ட வீட்டு ஆண்களும் அந்த ரகம்தான். என்ன நடந்தாலும் விறைப்பாக நிற்பார்கள்.

எதற்கு முளைத்த செடியை வெட்ட வேண்டும் என்று டவுனில் இருக்கும் என் தம்பி ஒருமுறை கேட்டான். எங்கள் மண் அப்படி. மழை பெய்து காய்ந்தால் மேல்மண் இறுகி ஓடு கட்டிவிடும். ஒற்றை விதையால் அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு வர முடியாது, உள்ளேயே மடங்கிச் செத்துவிடும். அதனால் நெருக்கி விதைப்போம். பத்து விதை சேர்ந்து முட்டினால் ஓடு விரிசல் விடும், எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். வந்தபிறகு அத்தனைக்கும் அங்கே இடம் கிடையாது. இடைவெளி விட்டுச் சில கொத்துகளை நிறுத்திக்கொண்டு மற்றதை அழித்தாக வேண்டும். செடி கலைப்பது என்று அதற்குப் பெயர். கேட்டுவிட்டு என் தம்பி, “அடப்பாவிகளா, கூட்டிக்கிட்டு வந்து கழுத்தறுக்கிறீங்களா?” என்றான். சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

கலைப்பதற்கு டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. கத்திச் சட்டம் என்போம். அதில் முன்னும் பின்னுமாக இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றிலும் வரிசையாகக் கத்திகள். முன்கம்பி அசையாது. பின்கம்பியை ஒரு கைப்பிடியைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர்த்தலாம். கைப்பிடியைச் சுற்றாதபோது பின்கத்தி முன்கத்தியின் முதுகில் ஒளிந்திருக்கும். வெட்டு குறுகலாக விழும், நிறையச் செடி தப்பும். சுற்றச் சுற்றப் பின்கத்தி வெளியே நீளும், வெட்டு அகலமாகும், நடுவில் தப்புகிற கொத்து சிறுக்கும். சால்களுக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டு போனால் கத்தி பட்ட இடமெல்லாம் போய்விடும், கத்திகளுக்கு நடுவே சிக்காத கொத்துகள் மட்டும் நிற்கும்.

எத்தனை சுற்று என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. என் கணவரின் அண்ணன் நிலம் மணற்பாங்கு, அங்கே மெல்லிசாக விதைத்தாலே வந்துவிடும், நாலு சுற்று போதும். எங்களுக்கு ஏழு. கைப்பிடிக்குப் பக்கத்தில் அளவு பொறித்த தகடு ஒன்று இருந்ததாம். நான் வருவதற்கு முன்பே அது துருவேறி ஒன்றும் படிக்க முடியாமல் போயிருந்தது. அதற்காக என் மாமனார் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். வேலை முடிந்து கொட்டகையில் விடும்போது கத்தியை முழுக்கத் திறந்து, அதாவது பின்கத்தி முன்கத்திக்குப் பின்னால் ஒளியும்படி, வைத்துவிட வேண்டும். அடுத்து எடுப்பவன் பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொள்வான். யாரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். நிலத்தைப் பிரித்தோம், வீட்டைப் பிரித்தோம். டிராக்டரும் சட்டமும் பொதுவில் நின்றன, அந்த வழக்கமும் மாறாமல் நீடித்தது.

இனி சண்டையைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது அவ்வளவு சின்னச் சண்டை.

என் கணவருக்குச் சுற்றும்போது வாய்விட்டு எண்ணுகிற பழக்கம். “ஒண்ணு… ரெண்டு…” என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போய்விடும், முழுக்கத் திறந்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். என் உறவில் ஒரு கல்யாண வீடு. சாப்பாட்டுப் பந்தியில் பெரியவர் – அதாவது என் கணவரின் அண்ணன் – உற்சாகத்தில் இருந்தார். “என் தம்பி ஏழு எண்ணி முடிக்கிறதுக்குள்ள பக்கத்து வயல்காரன் அறுவடையே முடிச்சிடுவான். அதுலயும் அஞ்சுக்கு அப்புறம் ஆறா ஏழான்னு ஒரு சந்தேகம் வரும் பாருங்க!” என்று தம்பியைப் போலவே வாயைக் குவித்து எண்ணிக் காட்டினார். பந்தியே சிரித்தது. எல்லோரையும்விட என் தம்பி அதிகம் சிரித்தான். பொய் சொல்வானேன், எனக்கும் உதட்டோரம் துடித்தது. என் கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

“ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. நீயாவது சொல்லச் சொல்லேன் அக்கா” என்று என் ஓரகத்தியிடம், பெரியவரின் மனைவியிடம், எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் கையை விரித்தாள். “மன்னிச்சுக்கன்னு சொல்றதுக்கு இவருக்கு நாக்கே வளையாதுடி. கோவிச்சுக்கிட்டவன்தான் வரணும்னு உக்காந்திருக்காரு.” என் கணவரோ, அவமானப்படுத்தியவன்தான் வரவேண்டும் என்று உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பெண்களும் பேசிக்கொள்வோம், அவர்கள் இரண்டு பேரும் வரப்பில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்ப்பார்கள்.

ஆனால் பேசிக்கொள்ளவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்தக் கத்திச் சட்டத்தின் மூலம் பேசிக்கொண்டார்கள். இவர் ஒரு கத்தி தேய்ந்திருப்பதைப் பார்த்துப் புதுசு மாட்டி வைத்தார். அடுத்த தடவை கொட்டகையைத் திறந்தபோது எல்லா போல்ட்டுக்கும் புது வாஷர் போட்டிருந்தது. இவர் சக்கரத்துக்குக் காற்றடித்து வைத்தார். டேங்கில் டீசல் நிரம்பியிருந்தது. “உங்கண்ணன் பதில் போட்டிருக்காரு” என்று நான் கிண்டல் செய்வேன். “டீசல் நிரப்பினான், அவ்வளவுதான். வேற என்ன பதிலு?” என்று முறைப்பார். ஆனால் அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே சாப்பிடுவார்.

இந்த வருடம் எங்களுக்கு விதைப்பே சரியில்லை. முதல் விதைப்பு ஓட்டுக்கு அடியிலேயே போயிற்று. மண்ணைக் கிளறி இரண்டாவது தடவை விதைத்தோம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் கையைக் கடித்ததில், டவுனில் குளிர்பதனக் கிடங்கில் மேஸ்திரியாக இருக்கும் என் தம்பி, “இங்க வந்துடுங்க, வேலை வாங்கித் தரேன்” என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். என் கணவர் கடைசியில் அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். இந்தப் பருத்தி நின்றால் இருப்போம், நிற்காவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு வந்துவிடுவோம். மூன்றாவது தடவை விதைக்கப் பருவம் கிடையாது. அவரை நான் அறிவேன். மூடிய கிடங்கில், சணல் மூட்டைக்கு நடுவில், ஐஸ் காற்றில் அந்த மனிதர் ஒரு வருடத்தில் பாதியாகிவிடுவார். அதனால் விதைத்த நாளிலிருந்து அந்த மண்ணைப் பார்த்துக் கும்பிடாத குறைதான்.

வந்தது. இரண்டாவது விதைப்பு ஓட்டைப் பிளந்துகொண்டு அப்படி வந்தது. சாலில் விரல் வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு பச்சை. என் கணவர் வரப்பில் நடந்துகொண்டே இருந்தார். வீட்டுக்கு வரவே மனசில்லை. “கலைச்சுட்டா நிம்மதி. அதுக்கப்புறம் இது நம்ம கையில” என்றார். என் தம்பிக்குப் போன் போட்டு, “மூட்டை தூக்க வேற ஆள் பாத்துக்கடா” என்றேன்.

கலைத்த அன்று வானம் மூடிக் கிடந்தது. கொட்டகையில் சட்டத்தை எப்போதும் ஈர மணலும் எண்ணெயும் கலந்த ஒரு குழியில் கத்திகள் புதையும்படிதான் இறக்கி வைப்போம், துரு அண்டாமல் இருக்க. பெரியவர் தன் வயலை முடித்துக்கொண்டு கொண்டுவந்து விட்டிருந்தார். கைப்பிடியில் ஒரு கம்பித் துண்டை நுழைத்து முறுக்கிக் கட்டியிருந்தது. ஓட்டும்போது கைப்பிடி அதிர்வில் சுற்றிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டுவது அது. கொட்டகையில் நிற்கும்போது கட்ட மாட்டோம்.

“பூட்டி வேற வெச்சிருக்கான்” என்று முனகிக்கொண்டே கம்பியைப் பிரித்து எறிந்தார். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். அசையவில்லை. ஒரு இரும்புக் குழாயைச் சொருகித் தம் கட்டித் திருகினார். கிறீச்சென்று ஒரு சத்தம். “ஒண்ணு” என்றார். மறுபடி தம் கட்டினார். நெற்றி நரம்பு புடைத்தது.

“மணல் இறுகிப்போச்சு போல” என்றேன்.

“ம்” என்றார். நின்றார். கைப்பிடியை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். நான் கொட்டகை வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷத்தில் இருந்தேன், வாய் சும்மா இருக்குமா? “என்னங்க, ரெண்டு எண்ணுறதுக்குள்ளயே மூச்சு வாங்குது? ஏழு வர்றதுக்குள்ள பருத்தி வெடிச்சிடும்!” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, ஏழு வரைக்கும் நிற்காமல் திருகினார். வாய்விட்டு எண்ணினார். நானும் கூடவே மனதுக்குள் எண்ணினேன். சரியாக ஏழு. அதில் சந்தேகமே இல்லை.

சட்டத்தைத் தூக்கியபோது கத்திகளில் ஈர மணல் அப்பியிருந்தது. எது முன்கத்தி, எது பின்கத்தி என்று யார் பார்த்தோம்? வயலில் இறக்கினார். நான் பின்னாலேயே நடந்தேன், கட்டி உருண்டு செடிமேல் விழுந்தால் எடுத்துப் போடுவதற்காக. கத்தி போன இடத்தில் மண் லேசாகப் பொங்கி அடங்கியது. செடிகள் ஒரு தடவை ஆடிவிட்டு நின்றன. கலைத்த அன்று எதையும் இழுத்துப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தப்பிய செடியை இழுத்துவிட்டால் அதன் வேரும் ஆடிவிடும். வெயில் வந்து வாடுவது வாடட்டும், நிற்பது நிற்கட்டும் என்று விட்டுவிடுவோம். திரும்பிப் பார்த்தால் வயல் முழுக்க நின்ற பச்சை நின்றபடி இருந்தது. கடைசி ஓட்டத்தை முடித்துவிட்டு டிராக்டரிலிருந்து அவர் இறங்கியபோது விசிலடித்தார். அவர் விசிலடித்து நான் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

வரப்பு மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் துண்டை விரித்துச் சற்றுச் சாய்ந்தார். நான் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தேன். மேகம் விலகி வெயில் வந்தது.

முதலில் ஓரத்துச் சால் தலை சாய்ந்தது. சாயத்தானே வேண்டும், நான் கவலைப்படவில்லை. வாடுகிறவற்றுக்கு நடுவே கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும், அதைப் பார்ப்பதுதான் அந்த நாளின் சந்தோஷமே. நான் நிற்பதைத் தேடினேன். இரண்டாவது சாலும் சாய்ந்தது. மூன்றாவது. காற்றே இல்லாமல் வயல் முழுவதும் மெல்லப் படுத்துக்கொண்டே போனது. “ஏங்க” என்றேன். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

எழுந்து பார்த்தார். வயலில் இறங்கினார். குனிந்து ஒரு செடியைத் தொட்டார், அது கையோடு வந்தது. அடுத்ததைத் தொட்டார், வந்தது. “ஒண்ணாவது நிக்கும்” என்றார். “ஒண்ணாவது நிக்கும் பாரு.” நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், தவழாத குறையாகத் தேடினோம். கத்தி எட்டாத மூலைகளில் நாலைந்து நின்றன. மற்றதெல்லாம் வேரில்லாத இலை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். தாழி உடைந்தால் வழித்தாவது எடுக்கலாம். இங்கே வழிக்கவும் ஒன்றுமில்லை. நான் சாலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அவர் சட்டத்தை நோக்கிப் போனார். கத்திகளில் காய்ந்திருந்த மணலைக் கையால் தட்டினார். முன்கத்திகளுக்கு நடுவே இருந்த இடைவெளி ஒவ்வொன்றையும் பின்கத்தி வந்து அடைத்திருந்தது. மறு ஓரம் வரைக்கும் ஒரே கத்தி மாதிரி பளபளத்தது.

“நீங்க ஏழுதானே சுத்தினீங்க?” என்றேன்.

“ஏழுதான்.”

“அப்ப தொறந்து வெக்கலையா உங்கண்ணன்?”

அவர் அண்ணன் வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பெரியவர் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். தம்பி தன் வீட்டுப் படியேறி வருவதைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். எதற்கு அந்த வெளிச்சம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, பார்க்கப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

“கத்தியத் திருப்பி வெச்சது யாரு?” என்றார் என் கணவர்.

“நான்தாண்டா. ஏன், சரியா…”

“வயல் போச்சு. மொத்தமும்.”

பெரியவர் வாயைத் திறந்தார். எங்கள் வயல் இருந்த பக்கம் பார்த்தார். “நீ அதுக்கு மேல…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தம்பியின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“வேணும்னுதான் செஞ்சியா?” என்றார் இவர்.

“ஆமா” என்றார் பெரியவர்.

உள்ளேயிருந்து அக்கா ஓடி வந்தாள். “ஏங்க, என்ன பேச்சு இது? உள்ளதச் சொல்லுங்க…”

“நீ உள்ள போ” என்று அதட்டினார். அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

என் வாய் என் வசத்தில் இல்லை. “உங்களுக்கு அவ்வளவு வயித்தெரிச்சல்னா எங்க கழுத்த அறுத்திருக்கலாமே, செடி உங்கள என்ன பண்ணிச்சு? அண்ணனா நீங்க? கெடுவான் கேடு நினைப்பான், பாத்துக்கிட்டே இருங்க!” என்றேன். பெரியவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். என் கணவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. காத்துக்கொண்டு நிற்பவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “எல்லாத்தையும் நீயே ஓட்டிக்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அன்று சாயந்திரம் என் தம்பிக்குப் போன் செய்து, வருகிறோம் என்றார்.

மறுநாள் அவர் சட்டத்தைக் கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டுவிட்டுச் சாமான் கட்ட வந்துவிட்டார். மூடிய கத்தியை மூடியபடியே விட்டு வந்திருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. அவர்கள் கெட்டால் நாமும் கெட வேண்டுமா, மாமனார் வழக்கத்தையாவது ஒழுங்காக முடித்துவிட்டுப் போவோம் என்று கொட்டகைக்குப் போனேன். குழாயைச் சொருகித் திறக்கும் பக்கமாகச் சுற்றினேன். கல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கைப்பிடித் தண்டின் திருகு மரையிலிருந்து துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. ஒன்று, இரண்டு என்று நானும் எண்ணினேன். ஏழு முடிந்ததும் கைப்பிடி திடீரென்று இளகி, வெண்ணெய் மாதிரி ஓட ஆரம்பித்தது. அங்கிருந்து மரை சுத்தமாக, கிரீஸ் பூசிப் பளபளவென்று இருந்தது. அதே பக்கம் இன்னும் ஏழு சுற்றி முட்டி நின்றது.

கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றேன். ஏழுக்கு மேல் இந்தச் சட்டத்தை யாரும் திருப்பியதே கிடையாது. அதனால்தான் அதற்கப்பால் மரை துருவேறிக் கிடந்திருக்கிறது. என் கணவர் மணல் இறுகியதென்று நினைத்துத் திருகியது எல்லாம் அந்தத் துருவில்தான். அதற்கு முன்பே யாரோ ஏழு சுற்றி வைத்திருக்கிறார்கள். கெடுக்க நினைத்தவன் சரியாக ஏழில் நிறுத்துவானா? நிறுத்தி, அசையாமல் இருக்கக் கம்பி போட்டுக் கட்டுவானா?

“எண்ணிப் பாத்துட்டியா?” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. அக்கா. கண் வீங்கியிருந்தது.

“ஏன் அக்கா இப்படிப் பண்ணினாரு?”

“நீங்க டவுனுக்குப் போயிடுவீங்கன்னு கேள்விப்பட்டதுலருந்து மனுஷனுக்குத் தூக்கமில்ல. செடி வந்ததும் விடியறதுக்கு முன்னாடியே உங்க வயலுக்குப் போயி, சாணால அளந்து அளந்து பாத்துட்டு வந்தாரு. ‘அவனுக்கு ஏழு வெச்சுக் கட்டி வெச்சிருக்கேன், பாத்ததும் புரிஞ்சுக்குவான்’னாரு. எண்ணிக் காட்டிச் சிரிச்சதுக்கு அவரு கேட்ட மன்னிப்புடி அது.”

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே!”

“சொல்லுங்கன்னு நானும் தலைகீழா நின்னேன். ‘சொல்லித்தான் தெரியணுமா’ன்னாரு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நேத்து உண்மையச் சொல்லுங்கன்னேன். என்ன சொன்னாரு தெரியுமா? ‘என்னைத் திட்டிக்கிட்டே போனான்னா எங்க போயாவது பொழச்சுக்குவான். தானே கெடுத்துக்கிட்டோம்னு தெரிஞ்சுபோனா அவன் எந்திரிக்கவே மாட்டான்’னாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாத.”

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது இதுதான். ஆடியது சரி. இத்தனை ஆட்டத்துக்கு ஒரு வார்த்தை வந்திருந்தால் நான் மூட்டை கட்ட வேண்டியதில்லையே! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்குகிற ரகமும் நான் இல்லை. நேரே வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

“உங்கண்ணன் கெடுக்கல. ஏழு சுத்தி ரெடி பண்ணி வெச்சிருக்காரு. நீங்க அதுக்கு மேல ஏழு சுத்தியிருக்கீங்க” என்றேன், ஒரே மூச்சில்.

“தெரியும்” என்றார்.

சுருட்டிய பாயின்மேலேயே உட்கார்ந்தேன்.

“எப்ப தெரியும்?”

“கத்தியப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. முதல் சுத்துலயே கை சொல்லிச்சு, என்னமோ சரியில்லன்னு. எறங்கிக் குனிஞ்சு பாக்கலாம்னுதான் நின்னேன்.” கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நீ சிரிச்ச. மறுபடி தொறந்து முதல்லருந்து எண்ணினா, இதையும் உன் தம்பிகிட்ட சொல்லிச் சிரிப்பியேன்னு திருகிட்டேன்.”

சிரித்தேன்தான். ஆசையில் சிரித்தேன், சந்தோஷத்தில் சிரித்தேன். அதை எப்படி அவருக்கு எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் அவர் முழங்காலைத் தொட்டேன். அவர் தட்டிவிடவில்லை.

“தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு அங்க போயி அப்படிக் கேட்டீங்க?”

“அவன் என்னைத் திட்டுவான்னு போனேன். ‘கண்ணு தெரியலையாடா, கம்பி கட்டியிருந்ததப் பாக்கலையாடா’ன்னு நாலு அறை விட்டிருந்தான்னா அழுதிருப்பேன். அங்கேயே உக்காந்திருப்பேன்.” கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். “ஆமான்னுட்டான். நான் பண்ணினத அவன் தலையில தூக்கி வெச்சுக்கிட்டான். இனிமே தெனமும் அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

“போயி சொல்லுங்க. இப்பவே போயி, தெரியும்னு சொல்லுங்க.”

அவர் தலையை ஆட்டினார். சொல்கிறேன் என்றா, முடியாது என்றா, தெரியவில்லை. முடிச்சை இறுக்கினார்.

கிளம்புகிற அன்று பேருந்து ஏறுவதற்கு முன்னால் கொட்டகைச் சாவியை வைத்துவிட்டு வரப் போனோம். சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லுக்கு அடியில் வைப்பது வழக்கம். அவர் உள்ளே போய்ச் சட்டத்தின் முன்னால் நின்றார். நான் திறந்து வைத்திருந்த கைப்பிடியை முட்டுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்தார். மணலைக் கையால் தோண்டி, ஒவ்வொரு கத்தியாக விரலால் தடவிப் பார்த்தார். வெளியே வந்து கதவைச் சாத்தியபோது பெரியவர் தன் வயலின் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நடுவில் எங்கள் வயல் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது.

இந்தத் தடவை இரண்டு பேரும் வானத்தைப் பார்க்கவில்லை. நான் மனதுக்குள் கெஞ்சினேன். யாராவது ஒருத்தர், யாராவது ஒருத்தர்.

“தொறந்துதான் வெச்சிருக்கேன்!” என்று என் கணவர் கத்தினார்.

பெரியவர் கையை வாயருகே குவித்துக்கொண்டு, “சரிடா!” என்றார்.

அவ்வளவுதான். இவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பேருந்தில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டு நனைவது தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வயல் தூரத்தில் நின்று கத்தினால் கேட்கிறது. அந்தக் கம்பியைக் கட்டிய அன்று பெரியவர் தன் வரப்பில் நின்று, ‘சுத்தி வெச்சிருக்கேண்டா’ என்று ஒரு தடவை கத்தியிருந்தால் போதும், எங்கள் பருத்தி நின்றிருக்கும்.